மதகு எலோய்

எலோய் அரோந்தோவின் முகத்தைவிட அவன் முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் மொரால்வாவின் அணிக்கு நான் கோல்கீப்பராக நின்ற காலம் முழுவதும் எனக்கும் எதிரணிக்கும் நடுவில் அந்த முதுகு இருந்தது. பச்சைச் சட்டை, நான்காம் எண், வலது தோள் சற்று ஏறிய நிலை. அது நிமிர்ந்து நின்றால் நான் நிம்மதியாக மூச்சு விடுவேன். கொஞ்சம் குனிந்துவிட்டால் கையுறையை இறுக்கிக்கொள்வேன்.

அவன் தடுப்பாட்டக்காரனாகத் தொடங்கவில்லை என்பது இப்போது பலருக்கும் மறந்துவிட்டது. பத்தொன்பது வயதில் முதல் அணிக்குள் வந்தபோது அவன் முன்வரிசை ஆட்டக்காரன். ஆள் உயரம், மார்பு அகலம், பார்த்தால் எதிரணிக்குப் பயம் வரும். ஆனால் ஓட்டம் வராது. பந்து அவனைத் தாண்டிப் போன பிறகுதான் கால் கிளம்பும். அதைச் சுட்டிக்காட்ட எதிரூர்க்காரர்கள் தேவைப்படவில்லை. அவன் அம்மா விசி இருந்தாள். உணவு டப்பா தொழிற்சாலையில் காய் உரிக்கும் வரிசையில் வேலை. இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. மைதானத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்து கத்தினால் அந்தக் கோடியில் நிற்கும் எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

"டேய் எலோய், கால்ல என்ன காங்கிரீட்டா ஊத்திருக்கு? அந்தப் பந்து உனக்காக நின்னு காத்திட்டு இருக்குமா?"

மற்றவர்கள் அவனைத் திட்டினால் மட்டும் விசி அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். "என் பிள்ளைய நான் திட்டுறேன். உனக்கு வேணும்னா நீ ஒண்ணு பெத்துக்க."

ஏப்ரல் மாதம் ஒன்றில்தான் எல்லாம் மாறியது. எங்கள் ஊரில் ஏப்ரல் என்றால் அஸ்பாரகஸ் அறுவடை. மண்மேட்டுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளைத் தண்டுகளை விடியற்காலையிலிருந்து குனிந்தே வெட்ட வேண்டும். எங்கள் நடுத்தடுப்பாளன் ஃபிதேல் வாரம் முழுக்க அந்த வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட வந்தான். முதல் பாதியில் ஒரு பந்தைத் தலையால் முட்டக் குதித்தவன், இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பெஞ்சில் மாற்றுத் தடுப்பாளன் இல்லை. அவனும் வயலில் இருந்தான்.

எங்கள் பயிற்சியாளர் ஒயேத்தாவை எல்லோரையும் போல நாங்களும் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். வார நாட்களில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதற்கும் பதறாத மனிதர். கோட்டோரம் வந்து விரலை ஆட்டினார்.

"எலோய், பின்னாடி போ."

"எவ்வளவு பின்னாடி மிஸ்டர்?"

"மெல்ச்சோர் மூச்சு விடுறது கேக்குற வரைக்கும்."

மெல்ச்சோர் என்பது நான். எலோய் வந்து எனக்கு முன்னால் நின்றான். ஊரே சிரித்தது. விசியின் குரல் மிதந்து வந்தது: "அப்பாடா, ஓட வேண்டாத இடமாப் பாத்துப் போட்டுட்டாங்க."

அன்றைக்கு எதிரணியில் ஒரு வேகக்காரன் இருந்தான். முதல் பாதியில் ஃபிதேலை இரண்டு முறை ஏமாற்றியவன். இரண்டாம் பாதியில் அவன் பந்தோடு பறந்து வந்தான். எலோய் ஓடவே இல்லை. காலையில் ரொட்டி வாங்கப் போகிறவனைப் போல நான்கைந்து எட்டு நடந்து ஓர் இடத்தில் போய் நின்றான். அந்த வேகக்காரன் பந்தைத் தட்டிவிட்ட இடமும் எலோய் நின்ற இடமும் ஒன்றாக இருந்தன. அவன் எலோய் மேல் மோதி விழுந்தான். பந்து எலோயின் காலடியில் கிடந்தது. திரும்பத் திரும்ப அதுவே நடந்தது. ஆட்டம் முடிவதற்குள் அந்தப் பையன் எலோயைப் பார்த்தாலே வேறு பக்கம் போகத் தொடங்கினான்.

உடை மாற்றும் அறையில் நான் கேட்டேன். "நீ பாட்டுக்கு நடந்து போய் நிக்கிறியே, எனக்கு இங்க உயிர் போயிட்டு வருது."

"அவன் எங்க வருவான்னு தெரியுது. அங்க போய் நிக்கிறேன். ஓடி என்ன செய்ய?"

"எப்படித் தெரியுது?"

காலுறையைச் சுருட்டியபடி யோசித்தான். "அவன் இடுப்பைப் பாத்தா தெரியுது. உனக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அவனுக்குக் கால்வாய்ச் சங்கத்தில் வேலை. எப்ரோ ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில் எந்த வயலுக்கு எப்போது முறையோ அப்போது மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவன் பொறுப்பு. கொஞ்ச நாளிலேயே அவனுக்கு 'மதகு' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. எதிரணி எங்கள் பக்கம் நெருங்கினாலே பார்வையாளர்கள் கைதட்டி ஒரே குரலில் சொல்லத் தொடங்கினார்கள்: "சாத்து, எலோய், சாத்து!" எதிரூர்க்காரர்களுக்கு அதைக் கேட்டாலே எரிச்சலாக இருக்கும். எனக்கோ அது தாலாட்டு.

நாங்கள் அப்போது நான்காவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தோம். மொரால்வா அதற்கு மேலே ஏறியதே இல்லை. எலோய் பின்வரிசைக்கு வந்த பிறகு கோல் வாங்குவது குறைந்தது, வருடத்துக்கு வருடம் பட்டியலில் மேலே போனோம். இரண்டாயிரத்து நான்கில் முதல்முறையாக மேல் டிவிஷனுக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் வரை வந்தோம். மலையடிவார ஊர் ஒன்றோடு ஆட்டம். முதல் ஆட்டம் அவர்கள் ஊரில், ஒன்றுக்கு ஒன்று சமன். எதிரூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது எங்கள் மைதானத்தில். கோலின்றிச் சமனாக முடிந்தாலே நாங்கள் மேலே போய்விடுவோம் என்ற நிலை.

கடைசி நிமிடம். அவர்கள் பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒரு பந்து போட்டார்கள். அதை விட்டிருந்தால் பின்னால் ஓடிவந்தவனின் காலுக்குப் போயிருக்கும். எலோய் காலை நீட்டினான். பந்து அவன் பூட்ஸின் ஓரத்தில் பட்டுத் திரும்பி, என் இடது கைக்கு எட்டாமல், கம்பத்தை உரசி உள்ளே உருண்டது. சேம்சைடு கோல்.

ஊர் முழுக்க இருந்தும் ஒரு சத்தம் இல்லை. விசிகூட ஒன்றும் சொல்லவில்லை. எலோய் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து நடுக்கோடு வரை கையில் கொண்டுபோய் வைத்தான். உடனே விசில் ஊதிவிட்டார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல வாய்க்கால் கரையில் நின்றான். விவசாயிகள் விடுவார்களா?

"என்ன எலோய், மதகு ஒழுகுதாமே?"

"ரப்பரை மாத்தச் சொல்லுங்கப்பா. பழசாப் போச்சு போல."

அவன் சக்கரத்தைத் திருப்பியபடியே சொன்னான்: "ஒழுகுச்சு, இல்லைங்கல. உன் வயலுக்கு இன்னைக்குத் தண்ணி வேணுமா, வேண்டாமா?"

அன்று மாலை நான் அவனைத் தேடிப் போனேன். இனி ஆடமாட்டேன் என்று சொல்லப்போகிறான் என்று பயம். என்னென்னவோ ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவன் வீட்டு வாசலில் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, நிறுத்தப்போறியா?"

"எதை?"

"ஆட்டத்தை."

"அடுத்த தடவை அந்தப் பந்து வந்தாலும் காலை நீட்டத்தான் செய்வேன். வேற யாரு நீட்டுவா, நீயா? நீ வலைக்குள்ளயே குடும்பம் நடத்துற ஆளு."

நான் கொண்டுபோன ஆறுதலையெல்லாம் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆற்றுக்கு அக்கரையில் அல்தேரோ. பாலத்தைக் கடந்தால் வேறு மாகாணம், வேறு டிவிஷன் பிரிவு, ஆனால் அதே காற்று, அதே வயல்கள், அதே பகை. எங்கள் துக்கத்தை அவர்கள் சும்மா விட்டுவிடுவார்களா? அடுத்த சனிக்கிழமை ஒரு டிராக்டர் பாலம் தாண்டி வந்து எங்கள் சதுக்கத்து மதுக்கடை முன்னால் நின்றது. பின்வண்டி நிறைய அல்தேரோ ஆட்கள். கையில் தகர வாளி ஒன்றைக் கோப்பை மாதிரி வளைத்துத் தங்க நிறம் பூசியிருந்தார்கள். 'இந்தப் பருவத்தின் சிறந்த கோல்காரர் எலோய் அரோந்தோ' என்று அதில் எழுதியிருந்தது.

அடிதடி வரும் என்று நினைத்து எங்கள் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். எலோய் உள்ளிருந்து வந்தான். கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல எவ்வளவு கொள்ளும்?" என்று கேட்டான்.

அவன் கடைக்குள் போய் அதைச் சிவப்பு ஒயினால் நிரப்பிக்கொண்டு வந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டி வந்தவளிடம் நீட்டினான். அவள் ரோசௌரா. அல்தேரோ அணியின் முன்னணி ஆட்டக்காரன் லாசரோவின் தங்கை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.

"உனக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சு. குடிச்சதும் பாதி இறங்கிடுச்சு."

"மீதி?"

"வாளி பெருசுதானே. பாத்துக்கலாம்."

அவள் வாங்கிக் குடித்தாள். அன்று மாலை அல்தேரோக்காரர்கள் எங்கள் கடையில் பாடிய பாட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து எலோய் பாலத்தைக் கடந்து போய் ரோசௌராவை அவர்கள் ஊர் மாதா கோவிலில் திருமணம் செய்துகொண்டான். செய்தியை முதலில் அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அல்தேரோ பொண்ணா?" என்றாள் விசி. "சரிதான். சேம்சைடு கோல் போடுறது உனக்குப் பழக்கமாயிடுச்சு."

ஆனால் மருமகள் வீட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் இருவரும் சேர்ந்துகொண்டு எலோயைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். மைதானத்திலும் விசிக்குப் பக்கத்தில் ரோசௌராதான் உட்காருவாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மறுபடியும் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். யாரோடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். அல்தேரோ.

அந்த வாரம் ரொட்டிக்கடையில்கூட யாரும் சாதாரணமாகப் பேசவில்லை. பாலத்தின் நடுவில் எங்கள் பையன்கள் பச்சைக் கோடு போட்டார்கள். மறுநாள் அதன் மேல் அவர்கள் நீலம் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எலோய் வீட்டில் லாசரோ வந்து சாப்பிடுவது வழக்கம். அது நிறுத்தப்பட்டது. ரோசௌராவிடம் அவள் எந்தப் பக்கம் என்று ஊரே கேட்டது.

"நான் யார் பக்கமும் இல்ல," என்றாள். "தோத்தவனுக்கு நான் சாப்பாடு போட மாட்டேன். அவ்வளவுதான்."

முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். எங்கள் பக்கவாட்டு ஆட்டக்காரன் அடித்த பந்து யார் முழங்காலிலோ பட்டு உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். அழகான கோல் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு அக்கரையில் கோல் வாங்காமல் திரும்பினால் போதும்.

அந்த ஞாயிறு ஊர் காலியானது. சைக்கிளிலும் நடந்தும் எல்லோரும் பாலத்தைக் கடந்தார்கள். மேற்கிலிருந்து வரும் எங்கள் பாழாய்ப்போன காற்று, சியெர்சோ, காலையிலேயே எழுந்துவிட்டது. முதல் பாதியில் காற்று எங்களுக்குச் சாதகம். ஆனால் எங்களால் கோல் போட முடியவில்லை. இரண்டாம் பாதியில் அது எங்கள் முகத்தில் அடித்தது. நான் உதைக்கும் பந்து மேலே போய் யோசித்துவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. அல்தேரோ ஆட்கள் அலை அலையாக வந்தார்கள். எலோய் ஒவ்வொன்றையும் நிறுத்தினான். தலையால், முழங்காலால், ஒரு தடவை முகத்தால். மூக்கில் ரத்தம் வந்தது. பஞ்சைத் திணித்துக்கொண்டு வந்து நின்றான். பாலம் கடந்து வந்த எங்கள் ஊர் முழுக்க ஒரே பாட்டு: "சாத்து, எலோய், சாத்து!"

லாசரோவும் அவனும் தோளோடு தோளாகத்தான் நின்றார்கள்.

"மச்சான், கொஞ்சம் மூச்சு விட இடம் குடு," என்றான் லாசரோ.

"உங்க ஊர்தானே, வெளிய போய் விட்டுட்டு வா."

முடிவுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது எங்கள் பின்வரிசைக்கு மேலே உயரமாக ஒரு பந்து வந்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்ததால் எலோயின் கணக்கும் தப்பியது. லாசரோ பின்னால் ஓடினான். நான் கோலை விட்டு வெளியே பாய்ந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். என் தோளில் சுள்ளி முறிவதைப் போலச் சத்தம் கேட்டது. தரையில் கிடந்தபடி நிமிர்ந்தேன். ரெஃப்ரி பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பந்தைத்தான் குத்தினேன். தன் காதைத்தான் நான் குத்தினேன் என்று லாசரோ இன்றும் சொல்வான்.

காறை எலும்பு முறிந்துவிட்டது. இடது கையை அசைக்க முடியவில்லை. எங்கள் இரண்டாவது கோல்கீப்பர் பெஞ்சில்தான் இருந்தான். ஆனால் மாற்று ஆட்களை எல்லாம் முன்பே இறக்கிவிட்டிருந்தோம். இனி யாரையும் இறக்க முடியாது. மிஸ்டர் ஒயேத்தா கோட்டோரம் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அதற்குள் எலோய் என் பக்கத்தில் மண்டியிட்டு என் கையுறைகளை உருவத் தொடங்கிவிட்டான்.

"நீயா நிக்கப்போற?"

"மத்தவங்க கையெல்லாம் சின்னது. இது எனக்குத்தான் ஏதோ சுமாராப் பொருந்தும்."

"நீ கோல்ல நின்னதே இல்லடா."

"உன் பின்னாடி என்ன இருக்குன்னு இத்தனை வருஷமாப் பாத்துட்டுதானே இருக்கேன். வலை. வேற ஒண்ணுமில்ல."

இரண்டாவது கோல்கீப்பர் தன் சட்டையைக் கழற்றி வீசினான். அது எலோய்க்குத் தொப்புள் வரைதான் வந்தது. என்னைத் தூக்கி உடை மாற்றும் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அல்தேரோவின் டாக்டர் எர்மீனியா இருந்தார். என் கையை மார்போடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். சுவரில் உயரத்தில், வெளித் தரை மட்டத்தில், ஒரு சிறிய ஜன்னல் இருந்தது.

"டாக்டர், நான் அந்தப் பெஞ்சு மேல ஏறணும்."

"அசைஞ்சா எலும்பு தோலைக் கிழிச்சிட்டு வெளிய வரும்."

"வரட்டும்."

அவரும் ஆட்டம் பார்க்க வந்தவர்தான். என் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியே தெரிந்தது மைதானம் அல்ல. நின்றுகொண்டிருந்தவர்களின் முழங்கால்கள் மட்டும். எங்கள் ஊர்க்காரர்களா அவர்களா என்றுகூடத் தெரியவில்லை. பாட்டு நின்றிருந்தது. காற்று ஒன்றுதான் கேட்டது.

விசில். பிறகு பந்தை உதைத்த சத்தம். அதை ஒட்டியே மெத்தையைத் தடியால் அடித்ததைப் போல இன்னொரு சத்தம்.

கோல் விழுந்தால் அவர்கள் ஊர் கத்தும். தடுத்துவிட்டால் எங்கள் ஊர் கத்தும். ஆனால் யாரும் கத்தவில்லை. ஒரு கணம் நான் செத்தே போனேன். பிறகு அந்த முழங்கால்கள் எல்லாம் ஒன்றாகக் குதித்தன. காற்றில் எந்த ஊரின் கத்தல் என்று எனக்குப் பிரியவில்லை; தன் ஊரின் குரலை அறிந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பொதுவானது இது. லாசரோ பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். எலோய் கோட்டின் நடுவில் போய் நின்றான். கையை விரிக்கவில்லை, குதிக்கவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். லாசரோ எப்போதும் வலப்பக்க மூலையில் அடிப்பவன். எலோய்க்கு அது தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால் அன்று மாற்றி நடுவில், முழு பலத்தோடு, நேராக அடித்தான். எலோய் அசையவே இல்லை. பந்து அவன் வயிற்றில் போய் அடித்துக் கீழே விழுந்தது. வலியில் மடங்கியவன் அதன் மேலேயே மடங்கி விழுந்தான். பந்து எங்கே என்று இரண்டு ஊருக்கும் புரிய அந்த ஒரு கணம் ஆனது.

அதற்குப் பிறகும் ஆட்டம் இருந்தது. எங்கள் பக்கம் பத்துப் பேர், கோலில் ஒரு தடுப்பாட்டக்காரன், எதிரே காற்று. நான் பெஞ்சு மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மற்ற ஒன்பது பேரையும் பெயர் சொல்லி அழைத்து இடம் இடமாக நிறுத்தும் எலோயின் குரல் கேட்டது. அத்தனை வருடத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கார்னர் வந்தபோது பந்தைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு முஷ்டியாலும் குத்தினானாம். அது பாதி மைதானம் தாண்டிப் போனதாம். காற்றையும் மீறி. கடைசி விசிலை நான் எண்ணிக் கேட்டேன். மூன்று முறை ஊதினார்.

டாக்டர் எர்மீனியா என்னைப் பத்திரமாக இறக்கிவிட்டார். "போ," என்றார். "இப்போ என்ன செஞ்சாலும் உனக்கு வலிக்காது."

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்காக ஒரு ஊர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு விசி வந்தாள். எலோய் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். வயிற்றில் பந்தின் தையல் அச்சு அப்படியே சிவப்பாகத் தெரிந்தது.

"பாத்தியாம்மா?"

"பாக்கல. கண்ண மூடிட்டேன்."

"முழுசுமா?"

"பெனால்டி குடுத்ததுலேர்ந்து. பக்கத்துல ஒரு அல்தேரோக்காரன் நின்னான். அவன்தான் நடக்குறத எல்லாம் சொல்லிட்டு இருந்தான். அழுதுட்டே சொன்னான், பாவம்." கீழே உட்கார்ந்து அவன் சட்டையை இழுத்துப் பார்த்தாள். "இது யாரோடது? வயிறு தெரியுது."

லாசரோ வந்து அவன் முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது.

"ஏன்டா விழல? எல்லா கோல்கீப்பரும் ஒரு பக்கம் விழுவான்."

"நான் கோல்கீப்பர் இல்லையே மச்சான். அதுவுமில்லாம, விழுந்தா எழுந்திரிக்க எனக்கு நேரமாகும்."

லாசரோ கையைக் கொடுத்து அவனைத் தூக்கிவிட்டான். தூக்கியவன் விடவில்லை.

நாங்கள் பேருந்தில் ஏறவில்லை. நடந்தே பாலத்தைக் கடந்தோம். பாலத்தின் நடுவில் ரோசௌரா நின்றிருந்தாள். "ஒருத்தனுக்குச் சாப்பாடு மிச்சம்," என்று சொல்லி எலோயின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அன்று அவள் அண்ணனுக்கும் சாப்பாடு அனுப்பினாள் என்பது எனக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தது என் மனைவி. எங்கள் கரையில் டிராக்டர்கள் வரிசையாக விளக்கைப் போட்டு நின்றன. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. ஊர் வாத்தியக் குழு ஊதுகுழல்களோடு முன்னால் போனது. மிஸ்டர் ஒயேத்தா தன் ஓட்டுநர் பள்ளிக் காரின் கூரைமேல் நின்று ஆடினார். அவர் ஆடியதை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

மூன்றாவது டிவிஷனில் எங்களைச் சும்மா விடமாட்டார்கள், ஒரே வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று செய்தித்தாள்கள் எழுதின. பெரிய நகரத்து கிளப்புகளின் இரண்டாம் அணிகள் வந்தன. எல்லாம் இளரத்தம், காற்றைப் போல ஓடுபவர்கள். எலோய்க்கு முப்பது தாண்டிவிட்டது, முன்பைவிட மெதுவாகிவிட்டான். ஆனால் அவர்கள் இடுப்பைப் பார்த்துவிட்டு முன்பைவிட சீக்கிரமாக நடக்கத் தொடங்கினான். முதல் வருடம் நாங்கள் கோல் போட்டது கொஞ்சம்தான். வாங்கியது அதைவிடக் குறைவு. கீழே இறங்கவில்லை. அடுத்த வருடமும் இல்லை. ஒரு முறை அப்படி ஒரு பெரிய கிளப்பின் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் எங்கள் அறைக்கு வந்து, இந்த நான்காம் எண் யார், எந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டவர் என்று கேட்டார்.

"அவன் மதகுக்காரன்," என்றார் மிஸ்டர். "திங்கட்கிழமை வந்தா வாய்க்கால் கரையில பாக்கலாம்."

வேறு கிளப்புகளிலிருந்து அழைப்பு வந்ததுண்டு. ஒவ்வொரு முறையும் எலோய் ரோசௌராவிடமும் விசியிடமும் கேட்பான். இருவரும் போகச் சொல்வார்கள். அவன் போகமாட்டான். காரணம் கேட்டால், "இங்க எனக்குக் காத்து எப்படித் திரும்பும்னு தெரியும்," என்பான்.

இரண்டாயிரத்து பதினான்கு மே மாதம் அவன் கடைசி ஆட்டம். எங்கள் மைதானம், நாங்கள் இரண்டு கோல் முன்னிலை, கீழே இறங்கும் பயம் முடிந்துவிட்டது. கடைசி நிமிடங்களில் அவனை வெளியே அழைத்துக் கைதட்டி அனுப்பலாம் என்று மிஸ்டர் பலகையைக் காட்டச் சொன்னார். ஊர் முழுக்க எழுந்து நின்றது. பெரிய நகரத்திலிருந்து வந்த எதிரணிப் பையன்களும் கைதட்டத் தயாராக வரிசையாக நின்றார்கள்.

எலோய் பலகையைப் பார்த்தான். கையைக் காட்டி மறுத்தான்.

"கார்னர் இருக்கு மிஸ்டர். பொறுங்க."

எதிரணிப் பையன்கள் சிரித்துக்கொண்டே இடத்துக்குத் திரும்பினார்கள். கார்னர் வந்தது. என் முன்னால் இருந்த அந்த முதுகு நிமிர்ந்தது, எழும்பியது. பந்தைத் தலையால் முட்டி மைதானத்துக்கு வெளியே அனுப்பினான். அதன் பிறகுதான் அணித்தலைவனின் கைப்பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, எப்போதும்போல அவசரமில்லாமல் நடந்து போனான். அவன் கோட்டைத் தாண்டும் வரை கைதட்டல் ஓயவில்லை. தாண்டிய பிறகும் ஓயவில்லை. ரெஃப்ரி ஆட்டத்தைத் தொடங்க முடியாமல் கடிகாரத்தை நிறுத்திவிட்டு அவரும் தட்டினார். ரோசௌரா விசியைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

அன்று மாலை அவன் வீட்டு முற்றத்தில் திராட்சைக் கொடிச் சுள்ளிகளை மூட்டி ஆட்டு விலாக்கறி வாட்டினோம். இரு கரையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். லாசரோதான் நெருப்புக்குப் பொறுப்பு. மேயர் வந்து, பார்வையாளர் மேடைக்கு எலோயின் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். எல்லோரும் மேஜையைத் தட்டி அவனைப் பேசச் சொன்னோம். மறுத்துப் பார்த்தான், நாங்கள் விடவில்லை. கடைசியில் கையில் கோப்பையோடு எழுந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"கறி ஆறுது," என்றான். "சாப்பிடுங்க."